யூசுப் பாய் தோட்டம் புல்லோரா ஆனது

முகம்மது யூசுப் ஷார்ஜாவில் பதினொரு வருடம் புல் வளர்த்தார். அங்கே ஒரு பெரிய சாலையின் நடுவில் ரவுண்டானா. ரவுண்டானாவின் நடுவில் வட்டமாக ஒரு புல்தரை. அதற்கு அவர்தான் பொறுப்பு. நிழல் என்பதே கிடையாது. கோடையில் காற்று அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி வரும். அந்த இடத்தில் பதினொரு வருடமும் ஒரு கையகலப் புல்லைக்கூட அவர் மஞ்சளாக விட்டதில்லை. முழங்கால் வலியோடு ஊருக்குத் திரும்பியபோது அவருக்கு நாற்பத்தேழு வயது. தெரிந்த தொழில் இது ஒன்றுதான். சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் போகும் சாலையில் அறுபது சென்ட் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து நர்சரி போட்டார்.

மழையை நம்பி உளுந்தும் சோளமும் விதைக்கிற காட்டில் ஒருவர் அழகுக்குப் புல் வளர்க்கிறார் என்பது முதல் வருடம் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. மூன்றாவது வருடம் ஒரு கல்யாண மண்டபம், இரண்டு டாக்டர் வீடுகள், ஒரு பெட்ரோல் பங்க் ஆகிய இடங்களில் அவருடைய கொரியன் புல் படர்ந்திருந்தது. நிலத்தின் மறுபாதியில் அவர் மனைவி ஜஸீமா பூச்செடிகளை வைத்திருந்தாள். ரோஜா, செம்பருத்தி, பிச்சி, கறிவேப்பிலைக் கன்று எல்லாம் அவள் கையில் தழைத்தன. தோட்டத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பஸ்ஸில் ஏறி 'புல்லுக்கார பாய் தோட்டம்' என்றால் கண்டக்டர் சரியாக வாசலில் இறக்கிவிடுவார்.

வருடத்தில் போகும் செடிகளில் பாதி, சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவின் பன்னிரண்டு நாட்களில் விற்றுவிடும். ரயில் நிலையம் போகும் வழியில் உள்ள மைதானத்தில் சுற்றுவட்டாரத்து நர்சரிக்காரர்கள் எல்லாம் சாக்கை விரித்துச் செடிகளை அடுக்குவார்கள். கோமதியம்மனைக் கும்பிட வந்தவர்கள் திரும்பிப் போகும்போது கையில் ஒரு கன்றோடு போவார்கள். இந்த வருடம் அந்த மைதானம் ஒரு மையத்தின் கைக்குப் போயிருந்தது. அதில் உறுப்பினராக இல்லாதவர்கள் அங்கே ஒரு தொட்டியைக்கூட வைக்க முடியாது என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சித்திரை மாதக் கடைசியில் யூசுப் அந்த அலுவலகத்துக்குப் போனார்.

அதன் பெயர் 'தோட்டம் மற்றும் புல்தரைத் தொழில்முனைவோர் விளம்பர, மக்கள் தொடர்பு மற்றும் நற்பெயர் மேம்பாட்டு மையம்'. பெயர்ப்பலகை கட்டடத்தின் முன்பக்கம் முழுக்க ஓடியும் இடம் போதாமல், கடைசிச் சொல்லைப் பக்கச் சுவரில் கழிப்பறைக்கு மேலே எழுதியிருந்தார்கள். அதனால் கழிப்பறையைத் தேடி வந்தவர்கள் அதுதான் மையம் என்று நினைத்தார்கள். மையத்துக்கு வந்தவர்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

செயல் அலுவலர் கோமதிநாயகம் இதற்கு முன் பட்டுப்புழுப் பிரிவிலும் அதற்கு முன் மீன்வளர்ப்புப் பிரிவிலும் இருந்தவர். இரண்டிலும் அவர் எல்லா இலக்குகளையும் எட்டினார். பிறகு இரண்டும் மூடப்பட்டன. அவருடைய அறையில் ஒரு செடிகூட இல்லை. செடி வைத்தால் அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆள் போட வேண்டும், அதற்கு அனுமதி வரவில்லை என்று அவரே சொன்னார்.

"பாய், நீரு என்ன தொழில் பண்ணுதீரு?" என்று கேட்டார்.

"செடி விக்கேன் சார். புல்லும் போட்டுக் குடுக்கேன்."

"இங்கனதான் நீங்க எல்லாரும் தப்பு பண்ணுதீய. செடிய யாரு வேணாலும் விக்கலாம். ஆடு கடிக்காம விட்டது பூராவும் செடிதான். நீரு விக்கது செடி இல்ல வே, ஒரு நெனப்பு. இப்பம் சொல்லும், என்ன விக்கீரு?"

யூசுப் கொஞ்சம் யோசித்தார். அவருக்குத் திருவிழாவில் இடம் வேண்டும். "நெனப்பு சார்" என்றார். கோமதிநாயகம் திருப்தியோடு படிவத்தில் ஒரு இடத்தில் டிக் போட்டார்.

படிவத்தில் ஏழாவது கேள்வி, உங்கள் நிறுவனத்தை நினைத்ததும் மனத்தில் தோன்றும் நிறம் எது என்பது. யூசுப் பச்சை என்று எழுதினார். ஏற்கனவே இருநூற்றுப் பதினான்கு உறுப்பினர்கள் பச்சை என்று எழுதியிருப்பதால் அந்த நிறம் தீர்ந்துவிட்டது என்றும், மீதி இருப்பது ஊதாவும் காப்பிக்கொட்டை நிறமும்தான் என்றும் சொன்னார்கள். யூசுப் ஊதாவை எடுத்துக்கொண்டார். அன்று அவர் கையெழுத்துப் போட்ட தாள்களில் ஒன்று, மையத்தின் விளம்பர நடவடிக்கைகளுக்குத் தடையாகத் தொழிலை நடத்த மாட்டேன் என்ற உறுதிமொழி. வரிசையில் பின்னால் ஆள் நின்றதால் அதை அவர் முழுதாகப் படிக்கவில்லை.

அடுத்த வாரம் மையத்தின் ஆலோசகர் பிரவின்ராஜ் தோட்டத்துக்கு வந்தார். சென்னையிலிருந்து வந்தவர், இளைஞர், பழகுவதற்கு இனிமையானவர். ஷூவோடு புல்லின் நடுவில் போய் நின்று, கைப்பேசியின் வழியாகவே எல்லாவற்றையும் பார்த்தார். கடைசிவரை செடிகளை நேராகப் பார்க்கவில்லை.

"சார், இங்க ரொம்ப நாய்ஸ் இருக்கு" என்றார்.

யூசுப் காதைக் கொடுத்துக் கேட்டார். காற்றுச் சத்தம்தான் இருந்தது. பிரவின்ராஜ் சிரித்துவிட்டு, நாய்ஸ் என்றால் சத்தம் இல்லை என்றும், செடிகள் அதிகமாக இருப்பதால் பார்க்கிறவர் கண் எதிலும் நிற்காமல் குழம்புகிறது என்றும் விளக்கினார். நர்சரி என்றால் செடி நிறைய இருக்க வேண்டாமா என்று ஜஸீமா கேட்டாள். அந்த எண்ணத்திலிருந்து மக்களை வெளியே கொண்டுவருவதற்காகத்தான் மையம் தொடங்கப்பட்டிருக்கிறது என்று அவர் பணிவாகச் சொன்னார்.

பத்து நாளில் பெயர் வந்தது. யூசுப் பாய் தோட்டம் இனிமேல் 'புல்லோரா'. அதற்கு என்ன அர்த்தம் என்று யூசுப் கேட்டார். அர்த்தம் இருந்தால் மனது அதோடு நின்றுவிடும், அதனால் அர்த்தம் இல்லாதபடி மூன்று பேர் உட்கார்ந்து உழைத்தார்கள் என்றார் பிரவின்ராஜ். சாலையோரத்தில் ஊதா நிறத்தில் பதினாறு அடிப் பலகை எழுந்தது. அதில் 'புல்லோரா' என்ற சொல்லும், ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுக்கும் படமும் இருந்தன. செடிப் படம் இல்லை, கைப்பேசி எண் இல்லை, நர்சரி என்ற சொல்லும் இல்லை. தகவல் கொடுத்தால் ஆர்வம் செத்துவிடும் என்பது மையத்தின் கொள்கை.

மறுநாள் கழுகுமலைப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா வந்து, மணப்பெண் அலங்காரத்துக்கு முன்பதிவு உண்டா என்று விசாரித்தாள். இரண்டு நாள் கழித்து ஒரு லாரிக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இரண்டு செட் பரோட்டா பார்சல் கேட்டார். பஸ் கண்டக்டர் புல்லுக்கார பாய் தோட்டம் மூடிவிட்டது என்று நினைத்து வாசலில் ஆளை இறக்குவதை நிறுத்திவிட்டார். யூசுப் போய் இதையெல்லாம் சொன்னபோது பிரவின்ராஜ் ஒவ்வொன்றையும் உற்சாகமாகக் குறித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் பரோட்டா கேட்டு யாராவது வந்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றார் யூசுப். அப்படியென்றால் பலகை வேலை செய்கிறது என்றார் பிரவின்ராஜ்.

அதன் பிறகு விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். திருவிழாவில் புல்லோராவை அறிமுகப்படுத்தும்வரை ஒரு செடியையும் வெளியே விடக் கூடாது, வருகிறவர்களிடம் 'விரைவில்' என்று அச்சடித்த ஊதா அட்டையைக் கொடுத்து அனுப்ப வேண்டும். இதற்கு 'ஏக்கம் உருவாக்கும் காலம்' என்று பெயர். புது வீட்டுக்குப் புல் போட ஒரு பல் டாக்டர் குடும்பத்தோடு வந்தார். யூசுப் அட்டையைக் கொடுத்தார். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ராஜபாளையத்துக்குப் போய் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி கறிவேப்பிலைக் கன்று கேட்டபோது ஜஸீமா மனம் கேட்காமல் சேலைத் தலைப்பில் மறைத்துக் கொடுத்தாள். எப்படியோ தெரிந்து மையத்திலிருந்து கடிதம் வந்தது. தங்கள் நிறுவனத்திலிருந்து ஒரு செடி வாடிக்கையாளரைச் சென்றடைந்துள்ளதாக அறிகிறோம், இது மீண்டும் நிகழாமல் பார்த்துக்கொள்ளவும் என்று அதில் இருந்தது.

இதுவரை நடந்ததையெல்லாம் யூசுப் பொறுத்துக்கொண்டார். பெயர் போனால் என்ன, செடி இருக்கிறது என்று ஜஸீமாவிடம் சொன்னார். ஆனி மாதம் பிறந்ததும் பிரவின்ராஜும் கோமதிநாயகமும் சேர்ந்து ஜீப்பில் வந்தார்கள்.

புல்லோராவுக்கு 'மாற்றக் கதை' ஒன்று தயாராகிறது என்றார் பிரவின்ராஜ். முன்னால் எப்படி இருந்தது, மையம் வந்த பின்னால் எப்படி ஆனது என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். சிக்கல் என்னவென்றால் தோட்டம் இப்போதே பச்சையாக இருக்கிறது. இதை முன்-நிலைப் படமாக எடுத்தால் மையம் எதைச் செய்தது என்று மேலிடத்தில் கேட்பார்கள். ஆகவே பத்து நாள் தண்ணீர் விடக் கூடாது.

யூசுபுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குனிந்து ஒரு பிடி புல்லை விலக்கிக் காட்டினார். இது கொரியன் புல், வேர் மேலாக ஓடுவது, இந்தக் காற்றுக் காலத்தில் பத்து நாள் தாங்காது என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். வேண்டுமானால் ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு பாத்தியைக் காயவிடுகிறேன், படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கோமதிநாயகம் அவர் தோளில் கையைப் போட்டார். "பாய், தண்ணி விடுதது உமக்கும் செடிக்கும் உள்ள சமாச்சாரம். அது எப்பவும் நடக்கும். படம் எடுக்கது மேலிடத்துக்கும் எனக்கும் உள்ள சமாச்சாரம். இது இந்த நிதியாண்டுல மட்டுந்தான் நடக்கும். எது அவசரம்னு நீரே சொல்லும்."

"செத்துப் போயிரும் சார்."

"செத்தா இன்னும் நல்லதுல்லா. அந்த அளவுக்குக் கெட்டுக் கெடந்த எடத்த மையம் தூக்கி நிறுத்திட்டுன்னு வரும்."

மைதானத்தில் முதல் வரிசையில் இடம் ஒதுக்கியிருப்பதாகவும், ஒத்துழைக்காதவர்களுக்கு அந்த இடம் இல்லை என்றும் போகிறபோக்கில் சொன்னார். கூட வந்த ஊழியர் மோட்டார் சுவிட்சின் மேல் 'முன்-நிலை நடைபெறுகிறது, தொடாதீர்' என்று ஊதா ஸ்டிக்கரை ஒட்டினார். ஜீப் போன பிறகு யூசுப் சுவிட்சின் முன்னால் வெகுநேரம் நின்றார். அந்த உறுதிமொழித் தாளில் தான் போட்ட கையெழுத்து அவருக்கு ஞாபகம் வந்தது. பன்னிரண்டு நாள் விற்பனை இல்லையென்றால் அடுத்த வருடக் குத்தகை இல்லை. பத்து நாள்தானே, வேர் உயிரோடு இருந்தால் தழைத்துக்கொள்ளும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஆனியில் தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கும். சங்கரன்கோவிலுக்கு அதன் காற்று மட்டும்தான் வரும். நான்காம் நாள் புல்லின் நுனிகள் சுருண்டன. ஆறாம் நாள் ரோஜாக்கள் தலையைத் தொங்கப் போட்டன. ஏழாம் நாள் விடிகாலை ஜஸீமா பக்கத்துத் தோட்டக் கிணற்றிலிருந்து இடுப்பில் குடத்தைச் சுமந்து வந்து, ரோஜாத் தொட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்பு ஊற்றினாள். யூசுப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். பத்து மணிக்கு மையத்தின் ஆய்வாளர் வந்து தொட்டிகளில் விரலைக் குத்திப் பார்த்தார். 'ஈரம் காணப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதினார். விதிப்படி பத்து நாள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

மறுபடி தொடங்கி ஆறாம் நாள், அந்தப் பருவத்தில் பெய்யாத மழை ஒரு கால் மணி நேரம் தூறியது. ஜஸீமா முற்றத்தில் நின்று அல்லாவுக்கு நன்றி சொன்னாள். ஆய்வாளர் மறுநாள் வந்தார். மழை பெய்தது சார் என்றார் யூசுப். பதிவேட்டில் மழைக்குத் தனிக் கட்டம் இல்லை, உறுப்பினர் விட்ட தண்ணீர் என்ற ஒரே கட்டம்தான் இருக்கிறது என்றார் ஆய்வாளர். இரண்டு முறை விதியை மீறியதற்காக யூசுபுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. மழைக்குத் தான் காரணம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். விளக்கம் ஏற்கப்படவில்லை. மூன்றாம் முறை பத்து நாள் தொடங்கியது. அது முடிந்தபோது புகைப்படக்காரர் மைத்துனன் கல்யாணத்துக்காக மூன்று நாள் விடுப்பில் போயிருந்தார்.

இருபத்தாறாம் நாள் காலையில் யூசுப் தரையில் குந்தி உட்கார்ந்து புல்லைப் பிடித்து லேசாக இழுத்தார். பாய் மாதிரி அப்படியே கையோடு வந்தது. அடியில் வேரை விரலால் பிரித்துப் பார்த்தார்.

"வேரு வெள்ளையா இருந்தா உசுரு இருக்குன்னு அர்த்தம்" என்றார். ஜஸீமா பக்கத்தில் வந்து நின்றாள். வேர் தவிட்டு நிறத்தில் இருந்தது. அவர் இன்னொரு இடத்தில் இழுத்துப் பார்த்தார். பிறகு இன்னொரு இடத்தில். அறுபது சென்டின் பாதியையும் முழங்கால் வலியோடு குந்திக் குந்தி நகர்ந்து பார்த்து முடித்தார்.

"எந்திரிங்க" என்றாள் ஜஸீமா. "இன்னும் எத்தன எடத்துலதான் பாப்பீய."

புகைப்படக்காரர் வந்தார். அன்றைக்கு வெளிச்சம் நன்றாக இருந்தது. முன்-நிலைப் படம் மிகச் சிறப்பாக வந்திருப்பதாகவும், இப்படி ஒரு முன்-நிலை இதுவரை எந்த மாவட்டத்திலும் வந்ததில்லை என்றும் மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பின்-நிலைப் படத்துக்கு மறுவாரம் தேதி குறித்தார்கள். அதற்குள் எப்படிப் பச்சையாகும் என்று யூசுப் கேட்கவில்லை. அவர் கேட்பதை நிறுத்தி நாளாகியிருந்தது. மதுரையிலிருந்து ஒரு லாரியில் பிளாஸ்டிக் புல் சுருட்டிச் சுருட்டி வந்தது. அதை விரித்து, செத்த ரோஜாக் குச்சிகளில் துணிப்பூவைக் கட்டி, நடுவில் யூசுபையும் ஜஸீமாவையும் நிற்க வைத்தார்கள். அந்தப் புல்லில் புதுச் செருப்பு வாசம் அடித்தது. வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக் அவர்கள் உள்ளங்காலைச் சுட்டது. படம் எடுத்ததும் புல்லைச் சுருட்டி லாரியில் ஏற்றினார்கள். அன்று மாலைக்குள் இன்னும் மூன்று உறுப்பினர்களுக்குப் பின்-நிலை எடுக்க வேண்டியிருந்தது.

புல்லோராவில் செடிகள் எல்லாம் செத்துவிட்டன என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. உண்மையான பேச்சு என்பதால் வேகமாகப் பரவியது. யூசுபைவிட மையம்தான் சுறுசுறுப்பானது. இரண்டு மணி நேரத்தில் ஒரு பத்திரிகைக் குறிப்பை வெளியிட்டது. புல்லோராவில் எந்தச் செடியும் இறக்கவில்லை, சில செடிகள் தங்கள் முந்தைய நிறத்திலிருந்து முன்னேறியுள்ளன, இது குறித்து வதந்தி பரப்புவோர் பசுமைக்கு எதிரானவர்கள் என்று அதில் கண்டிருந்தது. கீழே யூசுபின் பெயர் போட்டிருந்தது. அவரை அதுவரை நம்பியிருந்த பெட்ரோல் பங்க் முதலாளி அதைப் படித்துவிட்டு, பாயும் இப்படிப் பேச ஆரம்பித்துவிட்டாரே என்று வருத்தப்பட்டாராம்.

ஆடித்தபசு வந்தது. முதல் வரிசையில் யூசுபுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். சொன்ன சொல்லை மையம் காப்பாற்றியது. மைதானத்தில் நாற்பத்திரண்டு அரங்குகள், ஒவ்வொன்றும் அவரவர் நிறத்தில். யூசுப் சுற்றிப் பார்த்தார். ஒன்றிலும் செடி இல்லை. எல்லோரும் அவரைப் போலவே முன்-நிலை எடுத்தவர்கள். ஒவ்வொருவரும் தங்கள் இரண்டு படங்களுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய பின்-நிலையிலும் ஒரே புல், ஒரே மடிப்போடு இருந்தது. கோவிலுக்கு வந்த ஜனங்கள் வழக்கம்போல உள்ளே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, செடி எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு வெளியே போனார்கள். வெளியே வாசலோரம் ஒரு பெண் சாக்கில் முப்பது பிச்சிக் கன்றுகளை வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். அதைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. மையத்தின் தொண்டர்கள் போய், அங்கீகாரம் இல்லாத பசுமை என்று சொல்லி அவளை அப்புறப்படுத்தினார்கள்.

தபசு நாளுக்கு முந்தின நாள் விழா நடந்தது. கோமதிநாயகம் பேசினார்.

"போன வருசம் இந்த மைதானம் எப்படி இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரே சேறு. ஒரே சத்தம். கண்டவன் எல்லாம் வந்து பேரம் பேசி, செடிய வாங்கிட்டுப் போயிருவான். அதோட நமக்கும் அவனுக்கும் உறவு முடிஞ்சு போச்சு. இந்த வருசம் பாருங்க. ஒரு செடி இல்ல. ஒரு பொட்டு மண்ணு இல்ல. ஆனா வந்த ஒவ்வொருத்தனும் செடி எங்க, செடி எங்கன்னு கேட்டுட்டே போறான். அம்பது வருசமா செடிய வித்து இந்த ஏக்கத்த உண்டாக்க முடிஞ்சுதா? நம்ம மையம் ஒரே வருசத்துல உண்டாக்கியிருக்கு. அடுத்த வருசம் மாவட்டம் பூராவும் இதக் கொண்டு வருவோம்."

நீண்ட கைதட்டல் எழுந்தது. தட்டியவர்கள் மையத்தின் ஊழியர்கள். பிறகு ஆண்டின் சிறந்த மாற்றக் கதைக்கான விருதுக்குப் புல்லோராவின் பெயரை வாசித்தார்கள். யூசுப் மேடையேறினார். கேடயத்தைக் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் ஒலிபெருக்கியின் முன்னால் போய் நின்றார்.

"எம் புல்லு மவுத்தாயிட்டு" என்றார். "தண்ணி விட்டிருந்தா பொழச்சிருக்கும். நான்தான் விடல."

பிரவின்ராஜின் கண்கள் உண்மையிலேயே கலங்கின. அவர்தான் முதலில் எழுந்து நின்று கை தட்டினார். இவ்வளவு உருக்கமாக ஒரு முன்-நிலையை யாரும் சொன்னதில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மாலைக்குள் அந்தப் பேச்சின் முதல் வரி மட்டும், பின்-நிலைப் படத்தோடு சேர்த்து, மாவட்டத்தின் கைப்பேசிகளில் எல்லாம் சுற்றியது.

திருவிழா முடிந்து எட்டு நாள் யூசுப் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. ஒன்பதாம் நாள் ஜஸீமாதான் பேச்சை எடுத்தாள். குத்தகை தையில்தான் முடிகிறது, இருபது துண்டு நல்ல புல் கிடைத்தால் அதிலிருந்து பெருக்க ஒரு தாய்ப்பாத்தி போட்டுவிடலாம், மையத்துக்குத் தெரியாமல் தண்ணீர் விடுவோம் என்றாள். ராயகிரியில் மூக்காண்டி என்று ஒரு விவசாயி இரண்டு வருடத்துக்கு முன் யூசுபிடம் புல் வாங்கிப் போய்ப் பெருக்கியிருந்தார். சிவகிரிப் பக்கம் வீடுகளுக்கு விற்று நன்றாக இருக்கிறார் என்று கேள்வி. அவருடைய புல் யூசுபின் புல்தான். கொஞ்சம் கேட்டால் தர மாட்டேன் என்று சொல்லக்கூடிய ஆள் இல்லை. யூசுப் மறுநாள் காலை பஸ் ஏறினார்.

ராயகிரியில் இறங்கி அரை மைல் நடந்தார். வயல் வரப்பிலிருந்து பார்த்தபோது புல்லின் நுனி சுருண்டிருப்பது தெரிந்தது. நடையை வேகப்படுத்தினார். மோட்டார் அறைக் கதவில் ஸ்டிக்கர் இருந்தது. காப்பிக்கொட்டை நிறம்.

மூக்காண்டி அவரைக் கண்டதும் ஓடி வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பாய் தன் வீடு தேடி வந்தது பெரிய விஷயம் என்றார். யூசுப் கையை விடுவித்துக்கொண்டு, எத்தனை நாளாகிறது என்று கேட்டார். அஞ்சு நாள் என்றார் மூக்காண்டி. இன்னும் நேரம் இருக்கிறது, உடனே தண்ணீர் பாய்ச்சு, இன்றைக்கே பாய்ச்சு, தன் தோட்டத்தில் எல்லாம் செத்துவிட்டது என்று யூசுப் படபடவென்று சொன்னார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாகப் பேசியதில்லை.

மூக்காண்டி சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "மையத்துக் கூட்டத்துலயே சொல்லிட்டாவ பாய். மேல வந்தவங்க பின்னால வாரவங்களத் தண்ணி விடச் சொல்லுவாவ, போட்டி வந்துருமேன்னு பயப்படுவாவ, அத மனசுல வெச்சுக்கிடக் கூடாதுன்னு. நான் ஒண்ணும் தப்பா எடுக்கல. ஒங்களப் பாத்துத்தான் நானே சேந்தேன்."

சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்து யூசுபின் தோளை ஒட்டி நின்றுகொண்டு ஒரு படம் எடுத்தார். அதை மையத்தின் குழுவில் போடப் போவதாகச் சொல்லிவிட்டு, சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடி வரப்பில் நடந்தார்.

அவர் மனைவி தங்கத்தாய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். யூசுப் அண்ணாந்து குடித்தார். அவள் புருஷன் போன திசையைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள்.

"நெசமாவே செத்துட்டா?"

"ஆமாம்மா. ஒண்ணு மிச்சமில்ல."

அவள் புல்லைப் பார்த்தாள். "எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. ஒங்க படம் வந்த அன்னைக்கே சொன்னேன். இவுக நம்பல. படத்துல நீங்க அம்புட்டு நல்லாச் சிரிச்சிட்டுல்லா நிக்கீய."

யூசுப் காலிச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். பிளாஸ்டிக் புல்லின் மேல் நின்றபோது புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தேன் என்று சொல்ல நினைத்தார். அவளுக்கு அது ஒரு காரணமாகப் படும் என்று தோன்றவில்லை. வாரேன்மா என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.